மாமாவின் மருந்துக் கவருக்குள் வந்து சேர்ந்த லினசோலிட்

மாமாவை டிஸ்சார்ஜ் செய்து குலசேகரத்துக்குக் கூட்டி வந்த அன்று, மாமி மருந்துக் கவரைக் கட்டிலில் கவிழ்த்தார். "மக்களே, இதுல எதை எப்பக் குடுக்கணும்னு கொஞ்சம் பாரு" என்றார்.

கவருக்குள் மூன்று ஊர் மருந்துகள் இருந்தன. மார்த்தாண்டத்து டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரைகள், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். கால் எரிச்சலுக்கென்று ஆறு மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் எழுதிக் கொடுத்த டுலோக்செடின். பக்கத்துக் கடையில் வாங்கிய இருமல் சிரப், பாதி காலி. வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை ஒரு அட்டை. அதை யார் எழுதியது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. இவற்றோடு புதிதாக லினசோலிட் 600 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 14 நாளைக்கு.

லினசோலிட் என்றால் "பெரிய ஆன்டிபயாட்டிக்", வயிற்றைப் புண்ணாக்கும், உடம்புச் சூட்டைக் கிளப்பும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதன் வீரியத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தக் கவருக்குள் அதன் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கூடுதலாகவே பொருந்தும். காய்ச்சலுக்கு ஊர் டாக்டர், சர்க்கரைக்கு மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ, பெரிய சீக்கு என்றால் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம். மூன்று டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர்கள் எழுதிய மாத்திரைகள் சந்தித்துக்கொள்ளும் ஒரே இடம் அந்தப் பிளாஸ்டிக் கவர்.

மாமா ரப்பர் பால் வெட்டுபவர். சிரட்டையைக் கட்டும் கம்பி ஒருநாள் பாதத்தில் குத்தியது. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போயிருந்ததால், செருப்பில் ஈரம் தெரிந்த பிறகுதான் கவனித்தார். ஒரு மருந்துக்கடையில் "புண்ணு பழுத்திருக்கு" என்று சொல்லி நாலு மாத்திரை வாங்கினார். வீக்கம் வற்றியது. பத்து நாளில் திரும்ப வந்தது. வேறு கடை, வேறு நாலு மாத்திரை. மூன்றாவது முறை பாதம் முழுக்கச் சிவந்து காய்ச்சலும் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே புண்ணைக் கீறிச் சுத்தம் செய்து, ஆழத்திலிருந்து ஒரு துண்டுத் திசுவை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

கல்ச்சர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திசுவை ரத்தம் கலந்த ஊட்டக் கூழ்த்தட்டில் தேய்த்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைப்பார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இருந்தால் மறுநாள் தட்டில் மஞ்சள் கலந்த பொன்னிறப் பொட்டுகள் முளைத்திருக்கும். 'ஆரியஸ்' என்றாலே லத்தீனில் பொன் நிறம். பிறகு எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகாது என்று பார்க்க இன்னொரு நாள். ஆக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மேலே வடிகிற சீழைப் பஞ்சில் ஒற்றி அனுப்பினால் தோலில் சும்மா குடியிருக்கிற கிருமியும் சேர்ந்து வளர்ந்து ஆளைக் குழப்பும். அதனால்தான் ஆழத்துத் திசு. ஏற்கெனவே இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் விழுங்கிவிட்டுப் போனால் தட்டில் ஒன்றுமே முளைக்காமலும் போகலாம். கடைக்காரரிடம் வாங்கிய அந்த நாலு மாத்திரையின் முதல் கேடு இதுதான்.

மாமாவுக்கு வந்த ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இருந்தது, அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பெனிசிலினுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸை அடக்க மெத்திசிலின் வந்தது 1959-ல். அதற்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பரம்பரைதான் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கண்காணிக்கும் பெரிய மருத்துவமனைகளில் பிரித்தெடுக்கப்படும் இந்தக் கிருமிகளில், அண்மைக் கணக்குப்படி பத்தில் நாலுக்குக் குறையாமல் இந்த வகை. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் சுற்றுவது என்ற காலமும் போயிற்று. ஊருக்குள் ஆரோக்கியமாக நடமாடுபவர் மூக்கிலும் தோலிலும் இருக்கும்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்ததும் நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'எஸ்' என்று இருந்தால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. லினசோலிட்டுக்கு எதிரே பெரும்பாலும் 'எஸ்' இருக்கும். உடனே "இதுதான் கேட்கும்னு போட்டிருக்கே" என்று அதையே கேட்கத் தோன்றும். ஆனால் அதே பட்டியலில் டாக்சிசைக்ளினுக்கோ கோட்ரைமாக்சசோலுக்கோ 'எஸ்' இருந்தால், நோயாளியின் நிலை இடம் கொடுக்கும்போது டாக்டர் அங்கேதான் முதலில் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாட்டிக்குகளை முதலில் பயன்படுத்தலாம், கவனித்துப் பயன்படுத்து, கடைசிக்கு ஒதுக்கி வை என்று மூன்றாகப் பிரித்தது. லினசோலிட் மூன்றாவதில். மாமாவின் ரிப்போர்ட்டில் முன்வரிசை மருந்துகள் எல்லாமே 'ஆர்'. அதனால்தான் டாக்டர் இதற்கு வந்தார்.

லினசோலிட் புழக்கத்துக்கு வந்தது 2000-ல், அமெரிக்காவில். ஆக்சசோலிடினோன் என்ற முற்றிலும் புதிய குடும்பம்; அதற்கு முந்தைய எந்த மருந்தின் தம்பியும் அல்ல. இருந்தும் அடுத்த ஆண்டே, 2001-ல், இதற்கும் அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸை ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்து அறிவித்துவிட்டார்கள். மருந்து வாயால் விழுங்கினாலே கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஊசியும் மாத்திரையும் ஒரே அளவுதான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸில் ஏற்றியவரை மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்ப முடிவது இதனால்தான். வசதிதான், ஆனால் கடையில் எளிதாகக் கைமாறுவதற்கும் அதே வசதிதான் காரணம்.

இது கிருமியை அடக்கும் விதம் தெரிந்தால் பக்கவிளைவுகள் தாமாகவே புரிந்துவிடும். ஒவ்வொரு பாக்டீரியாவும் தனக்கு வேண்டிய புரதத்தை ரைபோசோம் என்ற நுண்பட்டறையில் தயாரிக்கிறது. லினசோலிட் அந்தப் பட்டறை வேலையைத் தொடங்கும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. புரதம் இல்லை, கிருமி பெருகாது. நம் உயிரணுவின் ரைபோசோம் வேறு அமைப்பு. அதனால் நமக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் நம் உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் நமக்குச் சக்தி தயாரித்துத் தருவது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இன்னொரு உயிரணுவுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்ட பாக்டீரியாதான் அது. அதன் ரைபோசோம் இன்னும் பழைய பாக்டீரியா ஜாடையில்தான் இருக்கிறது. லினசோலிட் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து நிறுத்துகிறது. சில நாளில் தெரியாது. வாரங்கள் ஆக ஆக, ஓயாமல் வேலை செய்யும் இடங்கள் முதலில் தளரும்: ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, கண் நரம்பு, கைகால் நரம்பு. ரத்தத்தில் லாக்டிக் அமிலமும் சேரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, காரணமில்லாத களைப்பு, மேல்மூச்சு வாங்குதல் அதற்கு அடையாளம்.

ஆகவே வாரம் ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பது இந்த மருந்தின் ஒரு பகுதி. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் கட்டாயம். பிளேட்லெட் என்ற சொல்லை டெங்கு வந்த வருஷங்களில் நம் ஊர்க் குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டன. லினசோலிட்டும் அதைத்தான் குறைக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்குச் சீக்கிரமே குறையும், சர்க்கரைக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. மழைக்காலத்தில் காய்ச்சலும் வந்து பிளேட்லெட்டும் குறைந்திருந்தால் வேறு டாக்டரிடம் "லினசோலிட் எடுக்கிறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் டெங்கு என்று ஒரு சுற்று அலைய நேரும். பப்பாளி இலைச் சாறு இதற்கு உதவாது. டாக்டர் மருந்தை நிறுத்தினால் எண்ணிக்கை பெரும்பாலும் தானாக ஏறிவிடும்.

இனி எங்கள் கடற்கரைக்கே உரிய ஒரு விஷயம். லினசோலிட் கிராம்-பாசிட்டிவ் என்ற ஒரு பாதிக் கிருமிக் கூட்டத்துக்கு மட்டும்தான். மறுபாதியான கிராம்-நெகட்டிவ் கிருமிகள் உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளிவிடும். குளச்சலிலோ முட்டத்திலோ வலை உதறும்போது கெளுத்தி முள் கையில் ஏறிவிட்டால், அடுத்த நாள் கை வீங்கிச் சிவப்பதைப் பார்க்க மாமாவின் பாதம் போலவேதான் இருக்கும். ஆனால் அங்கே இருப்பது விப்ரியோ இனக் கிருமியாக இருக்கலாம். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழ்வது, கிராம்-நெகட்டிவ். அதில் வல்னிஃபிகஸ் என்ற வகை, கல்லீரல் கெட்டவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பித் தோல் கறுத்து உயிரையே கேட்கும். அதற்கு டாக்சிசைக்ளினும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசியும் உடனே வேண்டும், பல நேரம் அறுவையும். லினசோலிட் அங்கே தொடக்கூடத் தொடாது. வாரக்கணக்கில் ஆறாத சிறு கட்டியாக நின்றால் அது காசநோய்க் கிருமியின் கடல் உறவுக்காரனாகவும் இருக்கலாம். "மீன் முள் குத்துச்சு" என்று டாக்டரிடம் சொல்ல மறந்தால் எல்லாமே தப்பாகப் போகும்.

கிராம்-நெகட்டிவ் கிருமிக்கு லினசோலிட் உதவாது என்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-ல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. ரத்தக்குழாயில் வைத்த குழாய் வழியாகத் தொற்று வந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கிராம்-நெகட்டிவ் கிருமி இருந்தவர்களிலும் கிருமி எதுவும் பிடிபடாதவர்களிலும் லினசோலிட் வாங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பேர் இறந்திருந்தார்கள்.

மாமா கதைக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் நாள் அதிகாலை மாமியின் போன். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. "மருந்துச் சூடு மக்களே, மோர் குடுக்கட்டா?" சுகர் பார்க்கச் சொன்னேன். 54, மிகவும் குறைவு. மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், ஏறியிருந்தது. லினசோலிட் வாயில் ஒரு உலோகச் சுவையை விட்டுவிடும், குமட்டும். மாமா இரண்டு நாளாக அரைவயிறுதான் சாப்பிட்டிருந்தார். கிளிமிபிரைடை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். இது போதாதென்று, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு லினசோலிட்டே சர்க்கரையை இறக்கிவிடலாம் என்று மருந்தின் விவரக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லை, யாரும் சொல்லவுமில்லை. அன்றே டாக்டர் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார், தினம் மூன்று தடவை சுகர் பார்க்கச் சொன்னார்.

அப்போதுதான் கவரில் இருந்த மற்றவற்றையும் போனில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். டாக்டர் ஒரு நிமிடம் பேசவில்லை.

லினசோலிட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்று நம் உடம்பில் ஒரு நொதி. மூளையில் வேலை முடிந்த செரடோனினை அப்புறப்படுத்தும் ஆட்களில் ஒன்று. லினசோலிட் இதை லேசாகத் தடுக்கும். அதோடு செரடோனினைக் கூட்டும் மருந்தும் சேர்ந்தால் அளவு மிஞ்சலாம். மாமாவின் கால் எரிச்சல் மாத்திரை டுலோக்செடின் அப்படிப்பட்டது. மனச்சோர்வுக்கும் அதே மருந்துதான். நோயாளிக்கு அது "கால் மாத்திரை" என்பதால், "மனநல மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டிருந்தால் மாமா இல்லை என்றே சொல்லியிருப்பார். டிரமடாலும் அதே ஜாதி. பல இருமல் சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் அப்படியே. மூக்கடைப்பு மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின் வேறு வழியில் ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

மிஞ்சினால் எப்படித் தெரியும்? இருப்புக்கொள்ளாமை, நடுக்கம், வேர்வை, படபடப்பு, காய்ச்சல், கைகால் விறைத்து வெட்டி வெட்டி இழுப்பது, புத்தி தடுமாறுவது. பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதே சமயம் இதை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் லினசோலிட் எடுத்த 1,134 முதியவர்களை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு மருந்தும் சேர்த்து எடுத்தவர்கள் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். செரடோனின் மிஞ்சிப் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு அரைப்பேர்கூட இல்லை. மாமாவின் டாக்டர் சிரப்பையும் டிரமடாலையும் நிறுத்தினார். டுலோக்செடினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரும் என்பதால் தொடரச் சொல்லி, மேலே சொன்ன அடையாளங்களைக் கவனிக்கச் சொன்னார். இன்னொரு நோயாளிக்கு இன்னொரு டாக்டர் வேறு முடிவு எடுக்கலாம். நாமாக எடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் பத்தியம் உண்டா என்பது மாமியின் அடுத்த கேள்வி. அதே நொதிதான் உணவில் வரும் டைரமைனையும் குடலில் சிதைப்பது. புளிக்க வைத்த, ஊறவைத்த, உலர்த்திப் பழசான புரத உணவில் டைரமைன் இருக்கும். அதிகமானால் ரத்த அழுத்தம் எகிறும். லினசோலிட் எடுக்கும்போது ஒரு வேளைக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு டீஸ்பூன் சோயா சாஸில் ஏறத்தாழ 5 மில்லிகிராம்; ஆக 100 என்பது லேசில் தொடுகிற அளவு இல்லை. நம் வீட்டுக் கருவாட்டில் எவ்வளவு என்பது அது எப்படி உலர்த்தப்பட்டது, எவ்வளவு நாள் கிடந்தது என்பதைப் பொறுத்தது. பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு தெரியாமல் தின்றுவிட்டால் பதற வேண்டாம். ஆனால் பிரஷர் உள்ளவர் அந்த இரண்டு வாரம் கருவாடும் மாசியும் (உலர்த்திய சூரை மீன்) இல்லாமல் இருந்துவிடுவது நல்லது. அன்றைக்குக் கரைக்கு வந்த சாளையை வாங்கிக் குழம்பு வைக்கலாம். பீரும், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கள்ளும் வேண்டாம்.

மாதக்கணக்கில் இந்த மருந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் மருந்துக்கு அடங்காத காசநோய்க்காரர்கள். பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை மத்திய அரசு 2024-ல் ஏற்றுக்கொண்டது. முன்பு ஒன்றரை ஆண்டு இழுத்த வைத்தியம் இது. ஆனால் இதற்கு வழி காட்டிய நிக்ஸ்-டிபி ஆய்வில் தினம் 1,200 மில்லிகிராம் லினசோலிட் எடுத்த 109 பேரில் 81 சதவீதத்தினருக்குக் கைகால் நரம்பு பாதித்தது. அந்த 109 பேரில் குணமானவர்களும் 90 சதவீதம். பிறகு அளவைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். பலன் குறையவில்லை, கேடு வெகுவாகக் குறைந்தது. இப்போது 600-தான். பாதத்தில் ஊசி குத்துகிற உணர்வோ, பஸ்ஸின் பெயர்ப் பலகை மங்குவதோ, சிவப்பு வெளிறித் தெரிவதோ இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக்கூடாது. கண் நரம்பு விஷயத்தில் தாமதம் மன்னிக்காது.

மருந்துக்கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பாபெனம் போன்றவற்றுக்கு 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணை அமலில் இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி, மருந்தின் அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு மூன்று ஆண்டு கடையில் இருக்க வேண்டும். மாமாவுக்கு இரண்டாவது கடையில் கொடுத்த செஃபிக்சிம் அந்தப் பட்டியலில் உள்ளதுதான். பதிவேடு திறக்கப்பட்டதாக மாமாவுக்கு ஞாபகம் இல்லை. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2024 தொடக்கத்திலிருந்து சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை நடக்கிறது. ஆன்டிபயாட்டிக்கை நீலக் கவரில் போட்டுத் தரவும் சொல்லியிருக்கிறார்கள். பாறசாலையில் வாங்குபவர் நீலக் கவரோடு திரும்புவார், களியக்காவிளையில் வாங்குபவர் எல்லா மாத்திரையோடும் சேர்த்து அதே வெள்ளைக் கவரில். கவரின் நிறம் கிருமியைக் கொல்லாது என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் மாமியின் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தவற்றில் எது ஆன்டிபயாட்டிக் என்று ஒரே பார்வையில் தெரிந்திருக்கும் என்பதே எனக்குப் பெரிது.

பன்னிரண்டாம் நாள் ரத்தம் பார்த்தபோது மாமாவின் பிளேட்லெட் 2,40,000-லிருந்து 1,10,000-க்கு இறங்கியிருந்தது. புண்ணில் சிவப்பு வற்றி, புதுச் சதை வந்திருந்தது. இனி போதும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். "கோர்ஸை முடிக்கணும்னு சொல்லுவாங்களே" என்று மாமி சந்தேகப்பட்டார். முடிக்க வேண்டிய நாளை டாக்டர்தான் குறிக்கிறார், அட்டையில் உள்ள எண்ணிக்கை குறிப்பதில்லை என்று விளக்க வேண்டியிருந்தது.

நாலு மாத்திரை மிஞ்சியது. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். குளச்சலில் கட்டிக் கொடுத்த மகளின் வீட்டுக்காரருக்குக் கையில் வீக்கமாம். "அண்ணனுக்குக் கேட்ட மாத்திரை மிச்சம் இருக்கா மைனி?" மாமி எதில் குத்தியது என்று கேட்டார். கெளுத்தி. "இத குடுக்க மாட்டேன், நீ இப்பவே அவன ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு" என்று போனை எடுத்து அக்கா கையில் திணித்தார்.